எழுதியோர் மனையும் அடக்கத்தலமும்

சான்றோர் வாழ்ந்த மனையையும் அவர் மண்ணில் அடங்கிய இடத்தையும் சென்று கண்டு வணங்கி மீளுதல் தமிழ் மக்களுக்குப் புதிய வழக்கமன்று. திருக்கோவலூரில் பெண்ணையாற்றிடையே நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்று இன்றும் காட்டுகின்றனர். பாரியின் மகளை மணம் செய்வித்துக் கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தி, அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்றிலும் பொறிக்கப்பட்டுள்ளது. சிவகங்கையை அடுத்த நாட்டரசன்கோட்டையில் கம்பர் அடங்கிய இடம் என ஒரு சமாதி போற்றப்படுகிறது. அதன் மண்ணை எடுத்துக் குழந்தையின் நாவில் தடவினால் கல்வி வளரும் என்பது அவ்வட்டாரத்து நம்பிக்கை. மண்ணால் கல்வி வளருமா என்று கேட்போர் கேட்கலாம். ஆயினும் ஒரு புலவனின் அடக்கத்தலத்தில் மக்கள் வேண்டும் வரம் பொன்னும் பொருளும் அன்றிக் கல்வியாக இருப்பது, கல்வி ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டு கால் நூற்றாண்டு கடந்த நம் கழகத்தார்க்கு உவப்பையே தருகிறது.

வெள்ளி விழாவினையொட்டி விடுதி மாணவரை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லலாம் என்ற கருத்து எழுந்தபோது, நம் பெரியோர் சிலர் ஒரு வினாவை எழுப்பினர். "அவர்கள் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவரப் பிள்ளைகளை வண்டி ஏற்றி அனுப்புகிறீர்கள். நல்லது. நம்மவர் உட்கார்ந்து எழுதிய வீடு எங்கே இருக்கிறது? அதை முதலில் காட்டுங்கள்" என்பதே அவ்வினா. இதனைச் சினத்தில் எழுந்த சொல் என்று ஒதுக்கிவிட இயலாது. நாம் தேடிக் கண்ட விடையை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் சுற்றுவட்டத்தையே நோக்குவோம். வாசுதேவநல்லூரிலிருந்து தெற்கே சென்றால் தென்காசிக்கு அருகில் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் வாழ்ந்த ஊர் அது. அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் வழங்கினார். அது குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றது. குறத்தியைப் பேசவைத்த புலவர்க்கு நிலம் கிடைத்தது. குறத்தியின் குலத்தார்க்குக் கிடைக்கவில்லை என்பதை நாம் இடையே குறித்துச் செல்கிறோம். குற்றாலத்தில் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்து 1954-இல் மறைந்தார். இராசாசியும் கல்கியும் அவரைத் தேடி அங்கு வந்து தங்கி, அருவியில் குளித்துத் தமிழ்ப் பாடலில் நனைந்து திரும்பினர். வடகிழக்கே சங்கரன்கோயில் வட்டாரத்துச் சென்னிகுளம், காவடிச் சிந்து அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர். அவர் 1891-இல், முப்பது வயதளவிலேயே மறைந்தார். கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றோர் வாயில் அவர் பாட்டு ஏறிற்று. பாட்டுக்குத் தெரு வேறுபாடு இல்லை. பாடியவர்க்கே அது இருந்தது.

தெரு என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே எழுதினோம். ஒருவர் வாழ்ந்த வீட்டைக் காண வேண்டுமாயின் அவ்வீடு நிற்கும் தெருவில் முதலில் நடந்தாக வேண்டும். பாரதியார் 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி, செல்லம்மாள் பிறந்த ஊராகிய கடையத்துக்கு வந்து 1920 நவம்பர் வரை தங்கினார். அக்கிரகாரத்தில் வாழ்ந்துகொண்டே அதன் கட்டுகளை மீறினார். அதனால் அங்கே பலரது வெறுப்புக்கும் ஆளானார். புதுச்சேரியில் இருந்தபோது தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞர்க்குத் தம் கையாலேயே பூணூல் அணிவித்தவர் அவர். அந்தக் கனகலிங்கம் பின்னாளில் தம் குருநாதரைப் பற்றி நூலொன்று எழுதினார். பூணூலால் நமக்கு விடுதலை வருமா என்பது வேறு வழக்கு. அதில் நமக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அதைச் செய்த மனிதரின் துணிவில் ஐயமில்லை. எனினும் அந்நாளில் கடையத்துச் சேரியிலிருந்து ஒருவர், இவர் பாட்டைக் கேட்டு மகிழ்ந்து, இவர் இருந்த தெருவுக்கு நடந்து வந்து வாயிற்படியில் நின்று வணங்கியிருக்க முடியுமா? பாரதியார் வரவேற்றிருப்பார். தெரு விட்டிருக்காது.

இத்தெரு எவ்வாறு திறந்தது என்பதே நாம் சொல்லவந்த வரலாற்றின் உயிர்ப்பகுதி. 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எவ்வகுப்பினரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றுக்கு எவரும் செல்லலாம் என்பது அதன் பொருள். அது நிறைவேறி 1925-இல் அரசிதழில் வெளியாயிற்று. அறிவிப்பு ஏட்டில் இருந்ததேயன்றி ஊரில் இறங்கவில்லை. பின்னர் 1938-இல் எம்.சி. இராசா கொணர்ந்த சமுதாய இயலாமை நீக்கச் சட்டம், பொது இடங்களில் நம்மவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. அடுத்த ஆண்டு சூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர்.

இவ்விருவரும் சட்டமன்றத்தில் பேசியவர் மட்டும் அல்லர், எழுத்தாளர்கள். சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி ஏழாண்டுக் காலம் நடத்தினார். பழிச்சொல்லாக எறியப்பட்ட பெயரையே இதழின் முகப்பில் பெருமையோடு ஏற்றிய நெஞ்சுரம் அவருடையது. 1939-இல் தம் வாழ்க்கையை 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். இராசா 1925-இல் ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் இயற்றியவர். ஆகவே எட்டயபுரத்திலோ கடையத்திலோ ஒரு கவிஞரின் வீட்டுத் தெருவில் நம் பிள்ளைகள் இன்று செருப்புக் காலோடு நடந்து செல்கின்றனர் என்றால், அத்தெருவைத் திறந்துவிட்டவர்களும் எழுதுகோல் பிடித்தவர்களே. திறந்தவரின் வீடு நம் கண்ணுக்குத் தெரியவில்லை. திறந்த தெரு தெரிகிறது. பெரியோர் கேட்ட வினாவுக்கு இது பாதி விடை.

மற்றொரு பாதி, நம்மவர் வீடுகள் ஏன் நிற்கவில்லை என்பது. இதில் மறைபொருள் ஏதுமில்லை. நினைவில்லம் ஆவதற்கு முன் அது ஒரு வீடாக நூறாண்டு நிற்க வேண்டும். அதற்குக் கல்லும் காரையும் தேக்கும் வேண்டும். அடிமனைக்குப் பட்டா வேண்டும். பேரன் காலம் வரை அங்கேயே குடியிருக்கும் வாய்ப்பு வேண்டும். பனையோலை வேய்ந்த மண்சுவர்க் குடில் இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு ஒருமுறை புதிதாக வேயப்படுவது. மனையோ பிறருடையது, எழும்பு என்றால் எழும்ப வேண்டும். பிழைப்புக்காகத் தேயிலைத் தோட்டத்துக்கும், கோலார் தங்கவயலுக்கும், இரங்கூனுக்கும், இலங்கைக்கும் போனவன் வீட்டை யார் காத்து நிற்பர்? அடக்கம் செய்த இடமும் அவ்வாறே. ஊர்ச் சுடுகாடு வேறு, சேரிச் சுடுகாடு வேறு. அதற்குச் செல்லும் பாதைக்கே வழக்கு. மேட்டின்மேல் கல் நட்டுப் பெயர் வெட்டும் வழக்கம் நம் பக்கத்தில் அரிது. மண்மேடு ஐந்தாறு மழையில் கரைந்து தரையாகிவிடும். அறிஞர் பிறக்கவில்லை என்பதன்று. அவர் பிறந்ததற்குச் சான்று நிற்கக்கூடிய தரை நமக்கு அளிக்கப்படவில்லை.

எழுதியோர்க்கு மட்டுமா இந்நிலை? நெல்கட்டும்செவலில் பூலித்தேவர் அரண்மனையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவர் படைத் தளபதியாய் நின்ற ஒண்டிவீரனுக்கு நெடுங்காலம் கதையும் பாட்டுமே நினைவுச்சின்னமாக இருந்தன. பாளையங்கோட்டையில் அவர்க்கு மணிமண்டபம் எழுந்தது 2016-இல்தான்.

இனி, எட்டயபுரம். சங்கரன்கோயில், கழுகுமலை, கோவில்பட்டி வழியாக நம் ஊரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். இச்சிற்றூரில் மூவகை நினைவிடங்களும் ஒருங்கே உள்ளன. 1882-இல் பாரதியார் பிறந்த வீடு அரசின் நினைவில்லமாக்கப்பட்டது. கல்கியின் முயற்சியால் பொதுமக்கள் பொருளுதவி கொண்டு கட்டப்பட்ட பாரதி மணிமண்டபம் 1947 அக்டோபரில் இராசாசியால் திறக்கப்பட்டது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும், 1835-இல் மறைந்த இசைமேதை முத்துசாமி தீட்சிதரின் சமாதியும் அதே ஊரில். ஒரு முசுலிம் புலவர், ஒரு வைதிக இசைவாணர், சாதியைச் சாடிய ஒரு கவிஞர். மூவர் நினைவையும் ஒரு பகலில் நடந்தே கண்டுவிடலாம். பிறந்த வீடு நிற்கும் பாரதியார்க்கு எரிந்த இடத்தில் கல் நிற்கவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1921 செப்டம்பரில் சென்னைக் கிருட்டிணாம்பேட்டைச் சுடுகாட்டுக்கு அவர் உடலோடு சென்றவர் இருபது பேர்கூட இல்லை. இன்று மாலையிடக் கூடும் பெருங்கூட்டம் அன்று எங்கே இருந்தது? புகழ் பெற்றவரும் சாகும்போது தனியே கிடந்ததுண்டு என்பது நம் பிள்ளைகள் அறியவேண்டிய பாடம். எட்டயபுரத்தை அடுத்தே உருளைக்குடி இருக்கிறது. 2019-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சூல்' நாவலில் சோ. தர்மன் எழுதிய கண்மாய் அவ்வூரது. வாழும் எழுத்தாளரின் வீட்டைக் காட்சிப் பொருளாக்குதல் முறையன்று. அவர் எழுதிய கண்மாயின் கரையில் நின்று பார்த்தல் யாருக்கும் இடையூறில்லை. புத்தகத்தில் படித்த நீரை நேரில் கண்டால் அடுத்த புத்தகத்தைப் படிக்க ஆவல் பிறக்கும்.

இந்த இடத்தில் பண்டிதர் அயோத்திதாசரிடம் வருகிறோம். 1845-இல் காத்தவராயன் என்னும் பெயரோடு பிறந்து, தம் ஆசிரியர் பெயரையே தம் பெயராக ஏற்றவர். சித்த மருத்துவர். 1898-இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907 சூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கி, 1914 மே மாதம் தம் இறுதி நாள் வரை நடத்தினார். அவர் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் இல்லத்தில் பட்லராக வேலை பார்த்தவர். அவர் தம்மிடம் இருந்த திருக்குறள், நாலடி ஏடுகளைத் துரையிடம் கொடுக்க, அவை எல்லிசு துரையிடம் சென்று அச்சேறக் காரணமாயின என்று பண்டிதர் எழுதியுள்ளார். திருக்குறள் முதன்முதல் அச்சான 1812-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஏடுகளை ஒப்புநோக்கியவருள் திருநெல்வேலி அம்பலவாண கவிராயரும் ஒருவர் என்பது நம் வட்டாரத்தார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சமையற்கட்டில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் திருக்குறள் ஏடு இருந்தது. நமக்குக் கல்வி இருந்ததில்லை என்போர்க்கு இதற்குமேல் என்ன விடை வேண்டும்?

பண்டிதர்க்குக் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் எழுப்பித் திறந்தது 2023-இல். அவர் மறைந்து 109 ஆண்டுகள் கழித்து. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்து மருத்துவமனை அவர் பெயர் தாங்குகிறது. இவற்றை நாம் போற்றுகிறோம். ஆனால் இந்நூறாண்டும் அவர் எங்கே வாழ்ந்தார்? இதழ்த் தாள்களில் வாழ்ந்தார். அவர் மறைவுக்குப் பின் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார். அவ்வூர் மாரிக்குப்பத்துச் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறுசிறு நூல்களாக வெளியிட்டது. சுரங்கத்தின் அடியிலிருந்து மேலே வந்த தொழிலாளர் காசு கொடுத்து வாங்கிப் படித்துப் பெட்டியில் பூட்டி வைத்தனர். அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைத் தேடித் திரட்டிக் காத்தனர். 1999-இல் ஞான. அலாய்சியசு தொகுப்பில் அயோத்திதாசர் சிந்தனைகள் பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. வெளியிட்டது எது என்று நினைக்கிறீர்கள்? நம் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். நம்மவர் எழுதிய வீட்டைக் காட்டுங்கள் என்ற பெரியோரிடம் நாம் அத்தொகுதிகளைக் கொண்டுபோய் வைத்தோம். "இது வீடு ஆகுமா?" என்று அவர்களுள் ஒருவர் கேட்டார்; பிறகு முதல் தொகுதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

சென்னைக்குச் செல்வோர் ஓட்டேரிக்கும் போக வேண்டும். 1945 செப்டம்பர் 18-இல் மறைந்த இரட்டைமலை சீனிவாசனின் அடக்கத்தலம் அங்குள்ளது. உரிமைக்களம் என்று பெயர். களம் என்ற சொல்லுக்கு நெல்லடிக்கும் இடம், போரிடும் இடம் என்று இரு பொருளும் உண்டு. நம் மக்களுக்கு இரண்டும் தெரியும். செல்லும் வழியில் சிதம்பரத்தில் இறங்குதல் தகும். சென்று காணவேண்டும் என்று ஏங்கி நாளை போவேன், நாளை போவேன் என்றே நாள் கடத்தியவர் நந்தனார். அவர்க்குப் பெயரே திருநாளைப்போவார். அவர் நெருப்பில் இறங்கிய பிறகே உள்ளே விடப்பட்டதாகப் புராணம் சொல்லும். அதே சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகசானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி, 1959-இல் மறையும் வரை நம் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். நெருப்புக்கு மாற்றாகப் பள்ளிக்கூடம். கல்விக் கழகத்தார் எவரும் அவர் நினைவிடத்தைத் தவிர்த்துச் செல்லலாகாது.

டாக்டர் அம்பேத்கர் பம்பாய்த் தாதரில் கட்டிய இராசகிருகம், நூல்களை வைப்பதற்கென்றே திட்டமிட்டு எழுந்த மனை. மனிதர் குடியிருக்க வீடு கட்டி மூலையில் நூலுக்கு இடம் ஒதுக்குவது உலகியல். இவர் நூல்களுக்கு வீடு கட்டி, மீந்த இடத்தில் தாம் இருந்தார். 2020 சூலையில் அவ்வீட்டுக்குச் சேதம் விளைவிக்கப்பட்ட செய்தி வந்தபோது நம் ஊரிலும் கொதிப்பு எழுந்தது. 1921, 1922-இல் அவர் மாணவராகத் தங்கிய இலண்டன் வீட்டை 2015-இல் மகாராட்டிர அரசு விலைக்கு வாங்கிற்று. அதை நினைவில்லமாக நடத்தவும் அங்கே எதிர்ப்பு எழுந்து, மேல்முறையீட்டில் 2020-இல்தான் இசைவு கிடைத்தது. ஒவ்வோராண்டும் டிசம்பர் 6-ஆம் நாள் தாதர்ச் சைத்திய பூமியில் இலக்கக் கணக்கில் மக்கள் கூடுகின்றனர். அருகே சிவாசிப் பூங்காவில் புத்தகக் கடைகள் நிறைந்திருக்கும். தேங்காய் பழம் கொண்டு போவாரினும் புத்தகம் வாங்கி வருவார் மிகுதி. ஓர் எழுத்தாளனின் நினைவிடத்துக்கு ஏழை மக்கள் இத்துணைப் பேர் திரண்டு சென்று, நூலோடு வீடு திரும்பும் காட்சி வேறெங்கும் உண்டா என்று நமக்குத் தெரிந்த வரையில் எண்ணிப் பார்த்தும் ஒன்று நினைவுக்கு வரவில்லை.

சென்று காண்பதற்கும் முறையுண்டு. போகுமுன் அவர் எழுதியதில் பத்துப் பக்கமேனும் படித்திருத்தல் வேண்டும். வீட்டில் இன்னும் யாரேனும் குடியிருப்பின் அவர் இசைவின்றி வாயில் தாண்டலாகாது. அடக்கத்தலத்தின்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வது பண்பன்று. கல்லில் இருப்பதை உள்ளவாறே எழுதிவரல் வேண்டும். இது மிக முதன்மையானது. சாயர்புரத்தில் பணியாற்றித் திருவாசகத்தை ஆங்கிலமாக்கிய சி.யு. போப்பின் கல்லறை ஆக்சுபோர்டில் உள்ளது. தம்மைத் தமிழ் மாணவன் என்று அக்கல்லில் பொறிக்கச் சொன்னார் என மேடைதோறும் முழங்குகின்றனர். கல்லில் அத்தொடர் இல்லை. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் அன்பர்களும் சேர்ந்து அதை நாட்டினர் என்றுதான் இருக்கிறது. தமிழ் அன்பர் பொருள் சேர்த்து ஆங்கில மண்ணில் கல் நாட்டினர் என்ற மெய், மேடைக் கதையினும் இனியதன்றோ? தாம் செல்லும் இடங்களில் காண்பதை நம் மாணவர் ஏட்டில் எழுதும்போது ஆண்டும் பெயரும் கல்லில் உள்ளபடியே இருத்தல் வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டுள்ளோம்.

வெளியூர் அனைத்தும் சொல்லி உள்ளூரை மறத்தலாகாது. இரவுப் பள்ளியில் அரிக்கேன் விளக்கொளியில் நமக்கு அகரம் கற்பித்தோர், சுவரொட்டி எழுதியோர், கூத்துக்குப் பாட்டுக் கட்டியோர், அரசுக்கு மனு எழுதி எழுதியே கிணறும் பாதையும் பெற்றுத் தந்தோர் நம் தெருக்களில் வாழ்ந்தனர். அவர் மனைகள் இருந்த இடத்தில் இன்று மாடி வீடுகள் எழுந்துள்ளன, அது நன்றே. ஆனால் அவர் எழுதியவை தகரப் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன என்பதை அறிவோம். நோட்டுப் புத்தகம், மனுவின் நகல், கூத்து ஏடு, கடிதம், பழைய இதழ் எதுவாயினும் வாசுதேவநல்லூர் வட்டாரத்து அன்பர்கள் கழக அலுவலகத்துக்குக் கொண்டுவருமாறு வேண்டுகிறோம். ஞாயிறு தோறும் காலை முதல் நண்பகல் வரை அங்கேயே படியெடுத்து மூலத்தை உடனே திருப்பித் தருவோம். கொண்டு வருபவர், படியெடுத்து முடியும்வரை தம் பெட்டியின் அருகிலேயே அமர்ந்திருக்கலாம்.